மாத்திரை தொடங்கிய முதல் ஆறு வாரங்கள்

மனச்சோர்வுக்கான மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவதற்குச் சில நிமிடங்கள் போதும். அம்மாத்திரை பயன் தரத் தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பயன் தெரிவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள்கூடச் செல்லலாம். இந்த இடைப்பட்ட காலத்தில் நோயாளி மருத்துவமனையில் இருப்பதில்லை. கம்பத்திலோ, சின்னமனூரிலோ, கூடலூரிலோ, தேவாரத்திலோ தம் வீட்டில் இருக்கிறார். அவர் அருகில் இருப்பவர்கள் மனைவி, மகன், மதினி, அப்பத்தா ஆகியோர்தாம். அவர்களிடம் இம்மாத்திரையைப் பற்றி விளக்கமாகப் பேசியவர்கள் பெரும்பாலும் எவரும் இல்லை.

இந்நிலை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு மனச்சோர்வுக்கான சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. முதல் ஆறு வாரங்களில் செவிலியரும் குடும்பத்தாரும் தரும் பராமரிப்பு அச்சிகிச்சையின் மறுபாதி. அதை விருப்பப்பட்டால் செய்யும் உதவியாகக் கருதாமல், மருத்துவமனையின் கடமையாகவே கொள்ள வேண்டும்.

இது எத்தகைய மாத்திரை?

இன்று பரவலாக எழுதித் தரப்படும் செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்செட்டின் ஆகிய மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஃபுளுவாக்செட்டின் 1987-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் செரோட்டோனின் என்னும் பொருள் விரைவாக உள்ளிழுக்கப்படுவதை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. அந்த மாற்றத்திற்கு மூளை தன்னை இசைவித்துக்கொள்ளச் சில வாரங்கள் தேவைப்படுகின்றன. பயன் உடனே தெரியாததற்கு இதுவே காரணம்.

இவை தூக்க மாத்திரைகள் அல்ல. மதுவைப் போல மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை உண்டாக்குபவையும் அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், உடலில் மின்சாரம் தொட்டாற்போன்ற உணர்வு முதலியன தோன்றக்கூடும். "அடிமைப்படுத்தும் மாத்திரை" என்ற தவறான எண்ணம் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையில் மருத்துவர் சொல்லும் முறையில் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லைகளைப் பெரிதும் தவிர்க்கலாம்.

நம் பகுதியில் மனச்சோர்வோடு வருபவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது என்பார்கள். உடம்பெல்லாம் வலி, தூக்கம் பிடிக்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பார்கள். இரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டு, அதன் பிறகே இம்மாத்திரைக்கு வந்து சேர்கிறார்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் எடுத்த மாத்திரைகள் அன்றே குணம் காட்டியிருக்கின்றன. இதுவோ முதல் வாரத்தில் குமட்டலையும் தலைவலியையும் மட்டும் தருகிறது. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர் முடிவு செய்வது இயல்பே. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமல், பின்னர் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று குறை கூறுவது நியாயமன்று.

செவிலியர் கேட்க வேண்டிய கேள்விகள்

குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் குறைவு, சிலருக்கு அமைதியின்மை ஆகியவை தொடக்க நாட்களில் வரக்கூடிய பக்க விளைவுகள். பெரும்பாலானோருக்கு இவை ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். உணவுக்குப் பின் மாத்திரையை எடுத்தால் குமட்டல் குறையும். பாடநூல்களில் இவ்வளவும் உள்ளது. ஆனால் பாடநூல் அறியாத ஒன்று நம் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

இங்கிருந்து பெண்கள் பலர் விடியுமுன்பே ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். "காலை உணவுக்குப் பின் ஒன்று" என்று மாத்திரைச் சீட்டில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் அவர் குடித்திருப்பது ஒரு குவளைத் தேநீர் மட்டுமே. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் நெருக்கமாக அமர்ந்து செல்பவருக்குக் குமட்டல் இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்? மூன்றாம் நாளே மாத்திரை பரணுக்குப் போய்விடும்.

"வேலைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள்? முதல் உணவு எப்போது?" என்று ஒரு செவிலியர் கேட்டிருந்தால், மருத்துவரின் ஒப்புதலுடன் மாத்திரையைத் தோட்டத்தில் உண்ணும் உணவுக்குப் பின்போ இரவு உணவுக்குப் பின்போ மாற்றியிருக்கலாம். மாத்திரையால் தூக்கம் கெடுபவர்களுக்குப் பகல் வேளையும், மந்தமாக உணர்பவர்களுக்கு இரவு வேளையும் பொருந்தும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

அடுத்த கேள்வி வலி மாத்திரைகளைப் பற்றியது. நாள் முழுவதும் குனிந்து காய் எடுப்பவர்களும் சுமை தூக்குபவர்களும் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்குளோஃபினாக், இபுபுரூஃபென் போன்றவற்றைத் தாமாகவே வாங்கிப் போடுவது வழக்கம். மனச்சோர்வு மாத்திரையோடு இவை சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். டிராமடால் என்னும் வலி மருந்தும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் இம்மாத்திரையோடு சேர்ந்து செரோட்டோனினை அளவுக்கு மீறி உயர்த்தக்கூடும். கடும் வியர்வை, நடுக்கம், தசை இறுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியவை ஒன்றாகத் தோன்றினால் அது அவசர நிலை; 108-ஐ அழைக்க வேண்டும். ஆகவே எந்த மருந்துக் கடைக்குச் சென்றாலும் இம்மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நாட்டு மருந்து எடுத்துக்கொண்டால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

முதியவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இம்மாத்திரை சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைக்கும். இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இவ்வாய்ப்பு அதிகம். அப்பத்தா தடுமாறி நடக்கிறார், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது என்றால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

இன்னொரு பக்க விளைவைப் பற்றி நோயாளிகள் தாமாகச் சொல்வதே இல்லை. தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் இயலாமை தோன்றுவதும் இம்மாத்திரைகளால் நேரக்கூடியவை. ஆண்கள் இதை எவரிடமும் கூறாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பெண்களிடம் எவரும் இதைக் கேட்பதே இல்லை. அளவை மாற்றவும் மருந்தை மாற்றவும் வழிகள் உள்ளன. தனியறையில், இயல்பான குரலில் செவிலியர் கேட்டால் பதில் கிடைக்கும்.

ஒரே சொல், இரண்டு பொருள்

நம் பள்ளத்தாக்கில் "மருந்து" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மருத்துவமனையில் தருவதும் மருந்து. திராட்சைக் கொடிக்கும் வாழைக்கும் ஏலத்திற்கும் தெளிப்பதும் மருந்து. "மருந்தடிக்கப் போயிருக்கிறார்" என்றால் அவர் தோட்டத்தில் இருக்கிறார். "மருந்தைக் குடித்துவிட்டார்" என்ற சொல்லைக் கேட்டால் தெருவே பதறி எழுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை. அத்தோட்டங்களுக்கான பூச்சிக்கொல்லி, வீட்டுப் பரணிலும் மாட்டுத் தொழுவத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நமக்கு ஆபத்து.

இதை இக்கட்டுரையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வு தீவிரமாக இருக்கும்போது எழுந்து நடப்பதற்கே வலுவில்லாத ஒருவருக்கு, மாத்திரை தொடங்கிய பின் சில வேளைகளில் மனத்தின் துயரம் தணியுமுன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்பிவிடுகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் அகலாத நிலையில், செயல்படும் வலிமை மட்டும் வந்துவிடும் அந்தச் சில நாட்களைச் செவிலியர்கள் கூர்ந்து கவனிக்குமாறு பயிற்றுவிக்கப்படுகிறார்கள். இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எச்சரிக்கை விடுத்து, 2007-இல் அதை 24 வயது வரையிலானோருக்கு விரிவுபடுத்தியது. மாத்திரையை மறுப்பதற்கு இது காரணமாகாது. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் உயிருக்கு ஆபத்தானதே. ஆனால் உடனிருந்து கவனிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

அதனால் மாத்திரை வீட்டுக்குள் வரும் நாளிலேயே பூச்சிக்கொல்லி வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். தோட்டத்து மோட்டார் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுக்கலாம். பங்காளி வீட்டில் வைக்கலாம். எலி மருந்துக்கும் இதே விதிதான். மாத்திரைகளையும் மொத்தமாக வீட்டில் வைக்காமல், ஆபத்து உள்ளவர்களுக்குச் சில நாட்களுக்கானவற்றை மட்டும் வாங்கி, நோயாளி நம்பும் ஒருவரிடம் வைத்திருப்பது நலம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கக்கூடியவை என்பதால், அவற்றிற்கு இது கட்டாயம்.

பூட்டு ஒன்று உயிரைக் காக்குமா என்று சிலர் ஐயுறலாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களில், மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் பூச்சிக்கொல்லிகளை வீடுகளிலிருந்து அகற்றி, பூட்டுடன் கூடிய தனித்தனிப் பெட்டிகள் கொண்ட பொதுச் சேமிப்பகத்தில் வைக்கச் செய்தார்கள். 2013-இல் வெளியான அச்சிறு ஆய்வில், அவ்வூர்களில் பூச்சிக்கொல்லி வழித் தற்கொலை நிகழ்வுகள் குறைந்தன. இலங்கையில் 1990-களின் நடுப்பகுதியில் கொடிய பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்ட பின், அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. சாக வேண்டும் என்ற உந்துதல் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது. அந்தச் சிறிது நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

"சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்பதற்குக் குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. மனத்துக்குள் அடக்கிவைத்திருந்தவருக்கு அது ஆறுதலாகவே அமைகிறது. ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வழக்குக்கு அஞ்சி முயற்சியை மறைக்கவும் தேவையில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது.

வீட்டில் பேசும் சொற்கள்

"உனக்கென்ன குறை? வீடில்லையா, பிள்ளைகள் இல்லையா?" என்பது அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். மனச்சோர்வுற்றவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்பதும் அத்தகையதே. உடைந்த காலோடு இருப்பவரை நடக்கச் சொல்வதற்கு அது ஒப்பாகும். "சாப்பிட்டாயா? இன்று எப்படி இருக்கிறது? கண்மாய்க் கரை வரை நடந்து வருவோமா?" என்பவை எளிய சொற்கள், பயன் தருபவை. சச்சரவின் நடுவே "மாத்திரை போட்டாயா இல்லையா?" என்று கேட்பதையும், நோயாளி அறியாமல் உணவில் மாத்திரையைக் கலப்பதையும் கைவிட வேண்டும். நம்பிக்கை போய்விட்டால் எந்த மாத்திரையும் நிலைக்காது.

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்கள் அதை நிறைவேற்றட்டும். சபரிமலைக்கு மாலை அணிபவர்கள் அணியட்டும். விரத நாட்களிலும் மாத்திரை தொடர வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருங்கள். மாத்திரை எடுக்கும் காலத்தில் மதுவைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வர வேண்டும். ஒருவர் திடீரென்று தூக்கமே இல்லாமல், ஓயாத பேச்சும் மிகையான உற்சாகமும் வீண்செலவுமாக மாறினால், அதைக் குணமடைந்ததாக எண்ணி மகிழ வேண்டா. அது வேறொரு நோய்நிலையின் அறிகுறியாக இருக்கலாம். உடனே தெரிவியுங்கள்.

மூன்றாம் மாதத்தில் இன்னொரு சோதனை வரும். முகம் தெளிந்திருக்கும், வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பார். "நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மாத்திரை?" என்று வீட்டாரே கேட்பார்கள். நலம் பெற்ற பின்னும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மாத்திரையைத் தொடர்வதே நோய் திரும்பாமல் காக்கும். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றை வாங்க எவரும் கூசுவதில்லை. மனத்திற்கான மாத்திரை மட்டும் ஏன் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும்?

மறுப்புகளும் விடைகளும்

செவிலியர்களுக்கு நேரம் ஏது என்பது முதல் மறுப்பு. புறநோயாளிகளின் வரிசையைக் கண்டவர்கள் இதைப் புறக்கணிக்க மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் பட்டம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்பதில்லை. கோவாவில் 24 மருத்துவ நிலையங்களில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான மானஸ் ஆய்வில், மருத்துவப் பின்னணி இல்லாத பெண்கள் பயிற்சி பெற்று மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நோயை விளக்கினார்கள். சிகிச்சையைத் தொடர ஊக்கினார்கள். அரசு நிலையங்களுக்கு வந்தவர்களில் குணமடைந்தோர் விகிதம் அதனால் உயர்ந்தது. பேசுவதும் தொடர்ந்து கேட்பதும் சிகிச்சையே என்பதற்கு இந்தியச் சான்று இது.

பக்க விளைவுகளைச் சொன்னால் நோயாளி அஞ்சிவிடுவார் என்பது இரண்டாவது மறுப்பு. சொல்லாமல் விட்டு, குமட்டல் வந்த நாளில் தனியே அஞ்சுவதைவிட, "இது வரக்கூடும், ஓரிரு வாரங்களில் தணியும்" என்று அறிந்திருப்பது மேல்.

குடும்பத்தாருக்குச் சொன்னால் நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. தம் நோயைப் பற்றிய செய்திகள் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம் அவருக்குத் தரும் உரிமை. அதனால்தான் யாரிடம் சொல்லலாம் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். அது கணவராக இருக்க வேண்டும் என்பதில்லை; தங்கையாகவோ உடன் வேலை செய்யும் தோழியாகவோ இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

முதன்முறையாக இம்மாத்திரை எழுதப்படும் ஒவ்வொருவருக்கும், அன்றே ஒரு செவிலியருடன் பதினைந்து நிமிடத் தனி உரையாடல் வேண்டும். நோயாளி தேர்ந்தெடுக்கும் துணைவர் ஒருவர் உடனிருக்கலாம். முதல் வாரத்திற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். இரண்டாம், நான்காம், ஆறாம் வாரங்களில் நேரில் பார்க்க வேண்டும். மலைக்கு வேலைக்குச் செல்பவர்களுக்கு ஒரு நாள் கூலி போகாத வகையில் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். இவற்றிற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரைச் சீட்டை வாங்கியதும் புறப்பட்டுவிடாதீர்கள். எந்த வேளையில் எடுப்பது, எவற்றோடு சேர்த்து எடுக்கக் கூடாது, எந்த அறிகுறி கண்டால் வருவது, எந்த எண்ணில் அழைப்பது, அடுத்து எப்போது வருவது என்ற ஐந்தையும் செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் தொழுவத்திலும் பரணிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை அன்று மாலைக்குள் அகற்றிவிடுங்கள்.